ஐம்பதுக்குப் பிறகு வீட்டை விட்டுச் சமயப் பயிற்சிக்கு: மலையகத்தில் எந்த வழி யாருக்கு?

ஊழியர் சேமலாப நிதி ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் கைக்கு வருகிறது. அந்த வயதில் பிள்ளைகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போயிருப்பார்கள், தாய் தகப்பன் கண் மூடியிருப்பார்கள். சமயத்தை முறையாகப் படித்து அதற்கென்றே இருந்துவிட வேண்டும் என்று இளமையில் மனதுக்குள் போட்டு வைத்த ஆசை அப்போதுதான் மறுபடி தலையெடுக்கிறது. ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கங்களில் இப்படி நினைக்கிறவர்கள் குறைவில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் புத்திமதி பெரும்பாலும் இரண்டே வகை. "இந்த வயசில எதுக்கு?" என்பார்கள், இல்லையென்றால் "எல்லாத்தையும் விட்டுட்டுப் போங்க, கடவுள் பார்த்துக்குவார்" என்பார்கள். இரண்டும் உதவாது. ஐம்பதுக்கு மேல் தொடங்கக்கூடிய பயிற்சிகள் உண்டு, அந்த வயதில் மூடிவிட்ட கதவுகளும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டு போகிறவர்தான் நிலைக்கிறார்.

நான்கு வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்: சைவ தீட்சை பெற்று ஊரிலேயே பயில்வது, ஆச்சிரமத்திலோ குருகுலத்திலோ சேர்வது, பௌத்த துறவு, கிறிஸ்தவ ஊழியப் பயிற்சி. எங்கள் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சைவக் குடும்பத்தில் பிறந்து, கணவனோ மனைவியோ உடன் இருக்கிறவருக்கு முதல் வழியே பொருத்தம். வீட்டை விட்டுப் போவது அந்த அத்திவாரத்தின் மேல் எழும்ப வேண்டிய இரண்டாவது மாடி. அத்திவாரம் இல்லாமல் மாடி கட்டப் போனவர்கள்தான் ஆறு மாதத்தில் திரும்பி வந்து, ஊர் முகத்தில் விழிக்கக் கூசி நிற்கிறார்கள்.

எந்த வழியானாலும் முதலில் தீர்க்க வேண்டியவை

முதலில் கடன். பௌத்தத்தில் உபசம்பதா (முழுப் பிக்குவாக ஏற்கும் சடங்கு) கொடுக்கும்போது சங்கத்தார் நடுவில் கேட்கப்படும் கேள்விகளில் "கடன் இல்லாதவனா?" என்பது ஒன்று. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 644ஆம் விதியும், அடைக்க முடியாத கடனில் இருப்பவரைத் துறவற சபையில் சேர்க்கக் கூடாது என்கிறது. துறவைப் பற்றி எத்தனையோ விடயங்களில் வேறுபடும் இரண்டு மரபுகள் இதில் ஒரே வார்த்தையில் நிற்கின்றன. காரணம் எளிது: கடன்காரன் துறவு போனால் அவன் சுமையை வேறு யாரோ சுமக்கிறார்கள். மலையகத்தில் அந்த வேறு யாரோ பெரும்பாலும் பக்கத்து லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டு) பெண். நுண்கடன் குழுவில் ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஏலச்சீட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டு மீதித் தவணையை விட்டுப் போவதும் இதே கணக்குத்தான்.

கையில் வாங்கிய கடனை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். மறந்துபோவது பிணைக் கையெழுத்து. மச்சானின் முச்சக்கரவண்டி லீசிங்குக்கும் மருமகனின் வங்கிக் கடனுக்கும் போட்ட ஒப்பம், நீங்கள் காவி கட்டினாலும் உங்களை விடாது. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: வாங்கியது, சீட்டு, அடகு, பிணை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, முடித்ததற்கான துண்டோ, பிணையை இன்னொருவர் ஏற்றதற்கான கடிதமோ வரும் வரை பயணத் திகதி குறிக்க வேண்டாம்.

அடுத்தது வாழ்க்கைத் துணை. துறவு பூண்டால் கல்யாணம் தானாக முறிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இலங்கைச் சட்டத்தில் அப்படி இல்லை. பொது விவாகச் சட்டத்தின் கீழ் விவாகரத்துக்கு உள்ள மூன்று காரணங்களில் ஒன்று, துணையை வேண்டுமென்றே கைவிட்டுப் போதல். நீங்கள் ஆன்மீகப் பயணம் என்று நினைப்பதை நீதிமன்றம் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, வசதியுள்ளவர் தன்னைத் தானே பராமரிக்க முடியாத துணைக்கும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் செலவு கொடுக்கக் கடமைப்பட்டவர். 18 முதல் 25 வரையுள்ள பிள்ளையும், உடல் மனக் குறைபாடுள்ள பிள்ளையும் கேட்க இடமுண்டு. ஆகவே, வாய்ச் சம்மதம் போதாது. சமாதான நீதவான் முன்னிலையில் எழுத்தில் வாங்குங்கள், மாதம் எவ்வளவு பணம் எந்தக் கணக்கில் வரும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மனைவி மனமில்லாமல் போட்ட கையெழுத்து மூன்றாம் மாதமே தொலைபேசி அழைப்பாக வந்து நிற்கும். உண்மையான சம்மதம் வர ஓராண்டு எடுத்தால் அந்த ஓராண்டைக் கொடுங்கள்.

வீட்டு விடயம் தோட்டத்தில் இருப்பவர்களுக்கே உரிய சிக்கல். லயத்து அறை வேலையோடு கட்டுண்டது. வீட்டில் தோட்ட வேலை செய்யும் கடைசி ஆள் நீங்கள்தான் என்றால், நீங்கள் நின்றதும் நிர்வாகம் அறையைக் கேட்கும் நிலை வரலாம். 7 பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்கள் உறுதி யார் பெயரில் இருக்கிறது, கையில் உறுதியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் கூடவே ஒரு பெரும் தொல்லை, பெயர் முரண்பாடு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) இன்னொரு பெயர். சேமலாப நிதி இழுபடுவதற்கு அடிக்கடி இதுவே காரணம். துறவுப் பெயர் எடுத்தபின் நான்காவது பெயரும் சேர்ந்துகொள்ளும். அதனால் நிதியையும் பணிக்கொடையையும் பழைய பெயரிலேயே வாங்கி முடித்துவிடுங்கள். பணிக்கொடை ஐந்து ஆண்டு சேவை முடித்தவருக்குச் சட்டப்படி உரியது. நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் என்ற கணக்கில், வேலை நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

தீட்சை பெற்று ஊரிலேயே பயில்வது

சைவத்தில் பயிற்சி தீட்சையிலிருந்து தொடங்குகிறது, அதற்கு மேல் வயது வரம்பு கிடையாது. ஆணும் பெண்ணும் பெறலாம். மூன்று படிகள்: சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை. இவற்றுக்கு மேல் உள்ள ஆசாரிய அபிடேகம், ஆகமக் கோயிலில் பிறருக்காகப் பூசை செய்யும் உரிமையைத் தருவது. அது மரபுப்படி சிவாசாரியக் குடும்பங்களுக்குரியது. ஐம்பதில் தொடங்கும் ஒருவர் அதை இலக்காக வைத்துக்கொண்டு அலைந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

சமய தீட்சைக்கு முதல் நாள் ஒருபொழுது இருந்து, காலையில் தலை முழுகி, புதிய வேட்டி சால்வையோடு போக வேண்டும். விபூதிப் பை, உருத்திராக்கம், பஞ்சபாத்திரம், உத்தரணி இவற்றைத் தயாராக வைத்திருங்கள். முறையாகச் செய்யும் குரு, சீடனின் கண்ணைத் துணியால் கட்டி மண்டலத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தி, கையில் பூவைக் கொடுத்துப் போடச் சொல்வார். பூ விழுந்த சிவ முகத்தைக் கொண்டு தீட்சைப் பெயர் அமையும். பிறகு கட்டு அவிழ்த்து, செவியில் ஐந்தெழுத்து. அன்றிலிருந்து மச்சம் மாமிசம், மதுபானம் இல்லை. நாள்தோறும் அனுட்டானம், அதாவது நித்திய வழிபாட்டுக் கடமை, உண்டு.

இங்கேதான் மலையகத்தில் பெரும்பாலும் பிசகுகிறது. திருவிழாக் காலத்தில் நூறு பேரைச் சேர்த்து இருத்தி ஒரே காலையில் தீட்சை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அனுட்டானத்தை உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஆசமனம் எப்படி, விபூதியைக் குழைத்து மூன்று குறியாக எங்கெங்கே தரிப்பது, பிராணாயாமம் எத்தனை, செபம் 108ஐ விரலில் எப்படி எண்ணுவது என்பதெல்லாம் கையோடு கை வைத்துக் காட்ட வேண்டியவை. புத்தகம் பார்த்துச் செய்தால் இரண்டு வாரத்தில் சோர்ந்துவிடும். எனவே கூட்டத் தீட்சைக்குப் போவதற்கு முன் குருவிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஐயா, பிறகு எத்தனை நாள் வந்து படிக்கலாம்?" பதில் தெளிவாக இல்லையென்றால் வேறு குருவைத் தேடுங்கள்.

இடமும் ஒரு பிரச்சினை. ஒரே அறையும் ஒரு குசினியும் உள்ள லயத்தில், வீட்டார் கருவாடு சமைக்கும் அடுப்பில் நீங்களும் சமைத்துச் சைவமாக இருப்பது நினைப்பதைவிடக் கடினம். தனிப் பானை ஒன்று, தனிக் கரண்டி ஒன்று, சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகைத் தட்டு, இந்த மூன்றும் இருந்தால் முக்கால்வாசிச் சண்டை குறையும். பொதுக் குழாயில் ஆள் சேரும் முன், நாலரைக்கெல்லாம் நீராடிவிட வேண்டும். பழகியபின் அனுட்டானத்துக்கு அரை மணி நேரம் போதும். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்துக்குப் போகிறவருக்கும் அது முடிகிற காரியம்.

விசேட தீட்சை, தனக்கென்று சிவலிங்கம் வைத்துப் பூசை செய்யும் தகுதியைத் தருவது. இதில் அவசரம் வேண்டாம். ஏற்ற லிங்கத்துக்கு நாள் தவறாமல் பூசை நடக்க வேண்டும். காய்ச்சலில் படுத்தாலும், மகள் பிரசவத்துக்குக் கொழும்பு போனாலும் அந்தக் கடமை கூடவே வரும். சமய தீட்சைக்குப் பிறகு ஓராண்டாவது அனுட்டானம் தவறாமல் நடந்தால்தான் இதை யோசிக்கலாம் என்பது எங்கள் கருத்து. நிருவாண தீட்சை அதற்கும் அப்பால், சித்தாந்த சாத்திரங்களை ஓதி உணரும் தகுதி. படிப்பில்லாமல் அதைப் பெறுவதில் பொருளில்லை.

படிப்புக்கு நல்ல ஏற்பாடு உண்டு. அகில இலங்கைச் சைவப்புலவர் சங்கம் இளஞ்சைவப்புலவர், சைவப்புலவர் என்று இரண்டு நிலைகளில் பரீட்சை நடத்துகிறது. சித்தாந்தம், திருமுறை, புராணம், கிரியை எல்லாம் அதற்குள் வரும். வீட்டிலிருந்து படிக்கலாம். வெறுமனே நூல்களைப் புரட்டுகிறவர் பத்தாண்டில் சேர்க்காத ஒழுங்கை இது இரண்டு மூன்று ஆண்டில் சேர்த்துவிடும். பரீட்சைக்குப் படித்தவரைத் தோட்டத்து அறநெறிப் பாடசாலை கைநீட்டி வரவேற்கும். அங்கே எப்போதும் ஆசிரியர் தட்டுப்பாடுதான்.

கோயில் பூசையே நோக்கம் என்றால் நிலைமை வேறு. கும்பாபிடேகம் நடந்த ஆகமக் கோயிலில் குருக்கள்தான். ரோதை முனி, மாடசாமி, மதுரைவீரன் போன்ற காவல் தெய்வங்களின் கோயில்களிலும் சின்ன மாரியம்மன் கோயில்களிலும் பூசாரியைத் தோட்டத்து ஆலயக் குழு தீர்மானிக்கிறது. இருக்கும் பூசாரிக்குத் துணையாக ஒரு வருடத் திருவிழாச் சுற்று முழுவதையும் பார்த்துப் பழகினால்தான் கரகம் பாலிப்பது, காப்புக் கட்டுவது, யார் யாருக்கு எந்த வரிசையில் மரியாதை என்பதெல்லாம் பிடிபடும். மந்திரத்தில் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும் ஊர், மரியாதை வரிசை தவறினால் பொறுக்காது. குழுவுக்குள் இரண்டு கட்சி இருக்கும் கோயிலை விட்டுத் தள்ளியே நில்லுங்கள்.

ஆச்சிரமமும் குருகுலமும்

மலையகத்தில் பலர் முதலில் நினைப்பது இராமகிருஷ்ண மிஷனை. கொழும்பு வெள்ளவத்தையிலும் மட்டக்களப்பிலும் மடங்கள் உள்ளன. ஆனால் துறவியாகும் பயிற்சிக்கு முப்பதைத் தாண்டியவர்களைப் பொதுவாக எடுப்பதில்லை. விபுலாநந்த அடிகளே 1922இல், முப்பது வயதில்தான் பிரமச்சரிய தீட்சை பெற்றார், 1924இல் சந்நியாசம். வயதானவரை எடுக்காததில் அவமதிப்பு எதுவும் இல்லை. பயிற்சியே பத்தாண்டு அளவுக்கு நீள்கிறது, அதன் பிறகு உழைக்கவும் ஆண்டுகள் வேண்டும். ஐம்பதுக்காரர் அங்கே பக்தராக, தொண்டராக, மந்திர தீட்சை பெற்றவராக இருக்கலாம்.

நல்லூரிலுள்ள நல்லை ஆதீனம் போன்ற சைவ மடங்களிலும் தம்பிரான் (மடத்துத் துறவி) வரிசைக்கு இளையவர்களையே பார்ப்பார்கள். றம்பொடை ஆஞ்சநேயர் கோயிலை நடத்தும் சின்மயா மிஷனில் வேதாந்த வகுப்புகளுக்கு வயது தடையில்லை. அது வீட்டிலிருந்து போய்வரும் படிப்பு.

உண்மையில் தங்கிப் படிக்க விரும்புகிறவர்களின் கண் தமிழ்நாட்டுப் பக்கம் போகும். கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் 1990இல் சுவாமி தயானந்த சரஸ்வதி தொடங்கிய ஆர்ஷ வித்யா குருகுலத்தில் மூன்றாண்டு நீண்ட வகுப்புகள் நடந்துவருகின்றன. உபநிடதம், கீதை, பிரம்மசூத்திரம், சமஸ்கிருதம் என்று ஆழமான படிப்பு. பாடமொழி ஆங்கிலம். தமிழ் மட்டும் தெரிந்தவர் அங்கே போனால் முதல் மாதத்திலேயே தனித்துப்போவார். விசாவையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிக்க முடியாது. முதலில் சேர்க்கைக் கடிதம், பிறகு அதைக் கொண்டு பொருத்தமான விசா. கண்டியிலேயே இந்திய உதவி உயர்ஸ்தானிகரகம் இருக்கிறது. திருவண்ணாமலைக்குப் போய் எங்காவது ஒதுங்கிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் விசா முடிந்த நாளில் சட்டப்படி குற்றவாளியாகிவிடுகிறார்கள். அறுபது வயதில் அந்த நிலை யாருக்கும் வேண்டாம்.

சந்நியாசம் வரை போக நினைப்பவர் குடும்பத்தோடு பேச வேண்டிய ஒன்று உண்டு. சந்நியாசம் வாங்கும்போது விரஜா ஓமத்தோடு, தனக்குத் தானே சிராத்தமும் செய்துவிடுவார்கள். பிறகு மகன் கொள்ளி வைக்க மாட்டான். உடலைச் சமாதி வைப்பார்கள். கருமக் கிரியைகளில் ஊன்றிய நம் குடும்பங்களில், கடைசி நேரத்தில் பிள்ளைகள் உடைந்துபோவது இந்த இடத்தில்தான். போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தனி ஆள் ஒருவர் 'சாமி' என்று பெயர் வைத்து நடத்தும், கணக்கும் நிருவாகக் குழுவும் இல்லாத ஆச்சிரமங்களைப் பற்றி ஒரே எச்சரிக்கை. சேர்ந்த முதல் ஆண்டுக்குள் உங்கள் சேமலாப நிதிப் பணத்தைப் பற்றி யாராவது விசாரித்தால், அன்றே பையைக் கட்டுங்கள்.

பௌத்த துறவு

மலையகத் தமிழருக்குள் பௌத்தத்தின்பால் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இது மிக அருகில் இருக்கும் வழி. விநயத்தில் (பிக்குகளின் ஒழுக்க விதிகள்) உபசம்பதாவுக்குக் கீழ் வயது இருபது, மேல் வயது வரம்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆரண்யமும் (வனத் துறவிமடம்) தனக்கென்று வரம்பு வைத்திருக்கும், ஐம்பதுக்கு மேல் என்றால் தயங்கும். தயக்கத்துக்குப் பழைய வேர் உண்டு. முதுமையில் துறவு வந்தவர்களில் சொன்னதைக் கேட்கிறவர், கற்றதைப் பிடித்துக்கொள்கிறவர் கிடைப்பது அரிது என்று பாளி சூத்திரங்களே சொல்கின்றன. வீட்டில் நாற்பது ஆண்டு தலைவராக இருந்தவரின் பழக்கம் எளிதில் போகாது என்பதை அவர்கள் கண்டு வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தை இளக்காரமாக எடுக்க வேண்டாம். சங்கத்தில் மூப்பு, உபசம்பதா பெற்ற நாளிலிருந்து எண்ணப்படும். உங்கள் பேரன் வயதில் உள்ள பிக்கு முன்னால் இருப்பார், நீங்கள் அவரை வணங்க வேண்டும், சாப்பாட்டு வரிசையில் கடைசியில் உட்கார வேண்டும். உபசம்பதாவுக்கு முந்திய நிலையான சாமணேரராக இருக்கும் வரை எல்லாப் பிக்குகளுக்கும் பின்னால். உபசம்பதாவுக்குப் பின்னும் குறைந்தது ஐந்தாண்டு ஓர் ஆசிரியரைச் சார்ந்தே இருக்க வேண்டும். கங்காணியாகவோ அதிபராகவோ ஆள் நடத்திப் பழகியவர்கள் இதில்தான் முறிகிறார்கள், பசியிலோ குளிரிலோ அல்ல.

எங்கே போவது? கண்டியிலுள்ள மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் 1753இல் சியாமிலிருந்து வந்த உபசம்பதா மரபைச் சேர்ந்தவை. சியாம் நிக்காயவில் (நிக்காய என்பது சங்கப் பிரிவு) சாதிக் கட்டுப்பாடு இன்றும் உள்ளதால் தமிழர் ஒருவருக்கு அமரபுர, ராமஞ்ஞ நிக்காயக்களே நடைமுறையில் திறந்தவை. வனவாசி மரபை நாடுவோர், ராமஞ்ஞ நிக்காயவோடு இணைந்த கல்துவ ஸ்ரீ கல்யாணி யோகாச்சிரம அமைப்பின் ஆரண்யங்களைப் பார்க்கலாம். மீதிரிகல நிஸ்ஸரண வனயவும் மெல்சிரிபுரப் பக்கத்து நா உயனவும் அதில் சேர்ந்தவை. இரண்டும் மலைநாட்டுக்கு வெளியே, சூடான பிரதேசத்தில். சிங்களம் நன்றாகப் பேச, வாசிக்க வராதவர் பாளி கற்பதும் விநயம் கற்பதும் இரட்டைச் சுமை. முதலில் ஓராண்டு சிங்கள வாசிப்புக்கு ஒதுக்குங்கள்.

உபசம்பதாவில் குட்டம், கட்டி, படை, சயரோகம், வலிப்பு ஆகிய ஐந்து நோய்கள் உண்டா, சுதந்திரமானவனா, அரச சேவையில் கட்டுண்டவனா, பெற்றோர் அனுமதி உண்டா, பாத்திரமும் சீவரமும் (துறவாடையும்) உண்டா என்று கேட்பார்கள். எண்பது வயதுத் தாய் உயிரோடிருந்தால் ஐம்பத்தெட்டு வயது மகனும் அவள் அனுமதியோடுதான் போக வேண்டும். சொத்து விடயத்தில் 1931ஆம் ஆண்டின் பௌத்த விகாரை, தேவாலயச் சொத்துச் சட்டம் ஒன்றைச் சொல்கிறது: பிக்கு தன் தனிப்பட்ட பாவனைக்கென்று சேர்த்த சொத்தை உயிரோடிருக்கும்போது கைமாற்றாவிட்டால் அது விகாரைக்குப் போகும், பரம்பரையாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைச் சீவரம் உடுத்தும் முன்பே நொத்தாரிசு முன் எழுதி முடியுங்கள்.

பெண்களுக்கு, பத்துச் சீலம் ஏற்றுத் துறவு வாழும் தசசில் மாதா வழி உண்டு. 1998 முதல் தம்புள்ளையை மையமாகக் கொண்டு பிக்குணி உபசம்பதாவும் மீண்டும் நடக்கிறது. ஆனால் நிக்காயக்களின் தலைமைப் பிக்குகளான மகாநாயக்கர்கள் அதை ஏற்கவில்லை.

சீவரம் வரை போகாமல் பயிற்சியை மட்டும் சுவைத்துப் பார்க்க மலைநாட்டிலேயே இடமுண்டு. பேராதனைக்கு அருகே ஹிந்தகலையில் உள்ள தம்ம கூட நிலையத்தில் பத்து நாள் விபாசனா வகுப்பு. கட்டணம் இல்லை. அதிகாலை நாலு மணிக்கு எழும்ப வேண்டும், பேச்சு இல்லை, புதியவருக்கு மாலையில் தேநீரும் பழமும் மட்டும். தமிழ் ஒலிப்பதிவு வேண்டுமென்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். கலகாப் பக்கத்து நிலம்பையில் இதைவிடத் தளர்வான தியான நிலையம் உண்டு. சமய தீட்சை பெற்ற சைவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விபாசனா வகுப்பின் பத்து நாளும் செபம், பூசை, விபூதி, உருத்திராக்கம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள். நாள் தவறாமல் அனுட்டானம் செய்வேன் என்று குருவிடம் ஏற்றவருக்கு அது நேரடி முரண். குருவிடம் கேட்காமல் போகாதீர்கள்.

கிறிஸ்தவ ஊழியம்

அம்பிட்டியவில் 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் நிறுவிய குருமடம் 1955இல் பூனாவுக்கு மாறியது, அதே வளாகத்தில் தேசிய குருமடம் தொடங்கியது. மெய்யியலும் இறையியலுமாகப் படிப்பு ஏழாண்டு அளவுக்குப் போகும். ஐம்பதில் சேர்ந்தால் குருப்பட்டம் கிடைக்கும்போது வயது அறுபதை நெருங்கிவிடும். ஆகையால் ஆயர்கள் அரிதாகவே சம்மதிப்பார்கள். மனைவி இறந்தவருக்குக் குருத்துவத்துக்குத் தடையில்லை. துணை உயிரோடிருக்கும்போது துறவற சபையில் சேர முடியாது. திருச்சபைச் சட்டம் திருமணமானவர்களை 35 வயதுக்கு மேல், மனைவியின் சம்மதத்தோடு நிரந்தரத் திருத்தொண்டராக்க இடமளிக்கிறது. அந்த வாய்ப்பு உங்கள் மறைமாவட்டத்தில் உண்டா என்று பங்குத் தந்தையிடம் முதலில் கேளுங்கள். துறவற சபையில் சேரும் தனி ஆள் குறைந்தது ஓராண்டு நவசந்நியாசம் (தொடக்கப் பயிற்சி), பின் மூன்று முதல் ஆறு ஆண்டு தற்காலிக வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) என்று படிப்படியாகப் போவார். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்து நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும், நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் மரணசாசனம் எழுத வேண்டும். நான்கு வழிகளிலும் திரும்பி வரும் வாசலை எழுத்திலேயே தெளிவாக வைத்திருப்பது இதுதான்.

புரட்டஸ்தாந்து சபைகளுக்குப் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து 1963இல் தொடங்கியது. தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கிறார்கள், திருமணம் தடையில்லை, பெண்களும் படிக்கிறார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த மலையகத்தவருக்கு, மலைநாட்டுக்குள்ளேயே, சொந்த மொழியில் தங்கிப் படிக்க இவ்வளவு ஒழுங்கான இடம் மற்ற மூன்று வழிகளிலும் கிடையாது. இது சைவர்கள் யோசிக்க வேண்டிய விடயம். ஆனால் நீங்களாக விண்ணப்பித்துப் போக முடியாது. சபை தெரிவுசெய்து அனுப்ப வேண்டும். பட்டம் முடித்து ஓய்வு வயதுக்குள் எத்தனை ஆண்டு உழைப்பீர்கள் என்று சபை கணக்குப் பார்க்கும். ஐம்பதைத் தாண்டியவருக்குச் சம்பளமில்லாத பிரசங்கியார் பணியே பெரும்பாலும் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

உடம்பு

எந்த வழியையும் உடம்புதான் முடிவில் தீர்மானிக்கிறது, அதிலும் சீனி வருத்தம். பௌத்த விநயத்தில் நண்பகலுக்குப் பின் சாப்பாடு இல்லை. சைவ விரதங்களிலும் ஒருபொழுது அடிக்கடி வரும். கிளிக்ளசைட் வில்லையோ இன்சுலினோ வழக்கமான அளவில் எடுத்துவிட்டு இராச் சாப்பாட்டை விட்டால் நடுச்சாமத்தில் சீனி இறங்கும்: வியர்வை, நடுக்கம், பிதற்றல். தனிக் குடிலில் படுத்திருப்பவரைக் காலையில்தான் கண்டுபிடிப்பார்கள். சாப்பாட்டு நேரம் மாறப்போகிறது என்று கிளினிக் டொக்டரிடம் முன்னமே சொல்லி மருந்தளவை மாற்றி வாங்குங்கள். தேன், சர்க்கரை, நெய் போன்றவற்றை நோயுற்ற பிக்கு நண்பகலுக்குப் பின்னும் எடுக்க விநயமே அனுமதிக்கிறது. கேட்க வெட்கப்பட வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு பிண்டபாதம் (பிச்சையேற்க) போவது ஆபத்து. சின்னக் கல் கிழித்த புண் விரலையே எடுக்க வைக்கும். முழங்கால் தேய்ந்தவர்கள் கதிரை கேளுங்கள். பெரும்பாலான நிலையங்களில் கொடுக்கிறார்கள். இருதய நோயாளி நுவரெலியாக் குளிரில் நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளிக்கவே கூடாது.

யார் எந்தப் பக்கம்

துணை உடன் இருந்து, சம்மதம் அரைமனதாக இருந்தால் ஊரிலேயே தீட்சையும் சைவப்புலவர் படிப்பும். துணை இல்லை, பிள்ளைகள் நிலைத்துவிட்டார்கள், ஆங்கிலம் வரும் என்றால் குருகுலம். சிங்களம் சரளம், உடம்பு திடம், சின்னவர் சொல்வதைக் கேட்கும் மனம் உண்டு என்றால் ஆரண்யத்தைத் தட்டிப் பார்க்கலாம்; இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். கிறிஸ்தவர்கள் தங்கள் போதகரிடமோ பங்குத் தந்தையிடமோ ஐம்பதுக்கு முன்பே பேசத் தொடங்க வேண்டும், ஏனென்றால் அங்கே காலம் சபையின் கையில்.

போவதைப் படிப்படியாக வையுங்கள். முதலில் பத்து நாள், வீடு திரும்பி ஒரு மாதம். அடுத்து மூன்று மாதம், திரும்பி ஒரு மாதம். அதன் பிறகு ஓராண்டு. நடுவில் வீட்டில் இருக்கும் அந்த மாதங்களை வீண் என்று நினைக்காதீர்கள். அங்கே பழகியது இங்கே குழாயடியிலும் கல்யாண வீட்டிலும் நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும். துணைக்கும் நீங்கள் இல்லாத வீட்டை நடத்திப் பார்க்க அது அவகாசம்.

பணத்தை மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: துணையின் பெயரில் நிலையான வைப்பு, மருத்துவத்துக்கு ஒரு பகுதி, திரும்பி வந்தால் ஆறு மாதம் வாழ ஒரு பகுதி. எந்த மடத்துக்கும் பெரிய காணிக்கை முதல் ஓராண்டு முடியும் வரை இல்லை. தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் சந்தா தொடர்ந்து கட்ட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், இடையில் விட்டால் இத்தனை வருடம் கட்டியதும் போகும். வாக்காளர் இடாப்புப் பெயரைக் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, நிரந்தரமாகப் போவது உறுதியாகும் வரை பழைய முகவரியிலேயே வைத்திருங்கள். மாதாமாதம் கிளினிக்கில் மருந்து வாங்குகிறவர் மாவட்டம் மாறினால் புதிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுக் கடிதம் வேண்டும். அதைப் புறப்படும் வாரத்தில் கேட்டால் கிடைக்காது. அடுத்த கிளினிக் திகதியிலேயே கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உடுப்புக்கு மேல் வையுங்கள்.